பிந்திக் காய்க்கும் தக்காளிக்கு உரத்தைவிட இரவின் குளிர்ச்சியே தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் மாகாணத்தில், டர்பன் நகருக்கு வடக்கே கரும்புக் காடுகள் சூழ்ந்த வெருலம் என்னும் ஊரிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். பாரம்பரியத் தக்காளி ரகங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிராண்டிவைன், ஆக்ஸ்ஹார்ட் போன்று பெரிய பழம் தரும், பிந்தி முதிரும் ரகங்கள் சுவையில் உயர்ந்தவையாயினும் காய்ப்பில் குறைந்தவை என்றும், அந்தக் குறையைத் தழைச்சத்தை (நைட்ரஜன்) கூட்டிக் கொடுத்து ஈடுகட்டலாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதல் கருத்தை ஓரளவு ஏற்கலாம். இரண்டாவது கருத்தைப் பின்பற்றுகிறவர் உரச் செலவையும் இழந்து காய்ப்பையும் இழப்பார் என்பதால் அதை மறுத்து எழுதுவது கடமையாகிறது.

இந்த ரகங்களில் விளைச்சல் குறைவதற்குக் காரணம், பிடித்த காய் பெருக்காமல் போவதன்று. பூத்த பூ காயாகப் பிடிக்காமல் உதிர்வதே. தக்காளிப் பூ நன்றாகக் காய் பிடிப்பதற்கு இரவு வெப்பநிலை, செல்சியஸ் கணக்கில், ஏறத்தாழ 13 பாகைக்கும் 21 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டி நிற்கும் நாள்களில் மகரந்தம் கெடத் தொடங்குகிறது. இரவு 13 பாகைக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் போதிய அளவில் உருவாவதில்லை. உருவாகும் காய்களும் கோணலும் வடுவுமாக வருகின்றன. மகரந்தம் வெப்பத்தால் மிக எளிதில் கெடுவது பூ விரியும் நாளில் அன்று, அதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் முந்தைய மொட்டுப் பருவத்தில். ஆகையால் இன்று அடிக்கும் அனலின் விளைவு அடுத்த வாரத்துப் பூவில்தான் தெரிகிறது. காரணம் புரியாத விவசாயி அன்றைக்குத் தெளித்த மருந்தையோ அன்றைக்கு விட்ட தண்ணீரையோ குறை சொல்கிறார். முந்திக் காய்க்கும் ரகம் வெயில் ஏறுவதற்குள் நான்கைந்து குலைகளைப் பிடித்துவிடுகிறது. பிந்தி முதிரும் ரகமோ தண்டையும் தழையையும் வளர்த்துக்கொண்டு, பூக்கத் தொடங்கும்போது சரியாகக் கோடைக்குள் நுழைகிறது. நட்ட நாள் பிழையாக இருக்க, பழி ரகத்தின் மேல் விழுகிறது. எனவே இத்தகைய ரகத்தைப் பயிரிடுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தம் ஊரில் இரவு 13 பாகைக்கும் 21 பாகைக்கும் இடையில் நிற்கும் வாரங்கள் எவை என்பதே. அந்த வாரங்களுக்குள் பூ வரும்படி பின்னோக்கி எண்ணி விதைத்தால், மற்ற வேலைகள் எல்லாம் பயன் தரும்.

விதை உறையில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கு இங்கே பெரிதும் ஏமாற்றும். 85 நாள் என்று உறையில் இருந்தால், அது விதைத்த நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து முதல் பழம் சிவக்கும் நாள் வரை எண்ணப்படுவது. அதோடு, அந்த எண்ணிக்கை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ நிலவும் மிதமான கோடையை வைத்துச் சொல்லப்பட்டது. தக்காளிச் செடி நாள்களை எண்ணுவதில்லை, வெப்பத்தைச் சேர்க்கிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 10 பாகையைக் கழித்தால் வரும் மீதியை அன்றைய சேமிப்பு என்று கொண்டு கூட்டிப் பார்த்தால், எந்த ஊரிலும் ஏறக்குறைய உண்மையான கணக்குக் கிடைக்கும். சராசரி 22 பாகை உள்ள இடத்தில் 85 நாளில் முதிரும் ரகத்துக்கு ஏறத்தாழ 1,020 அலகுகள் தேவை. டர்பன் கடற்கரையில் மார்ச் மாதச் சராசரி 24 பாகை அளவிலும், ஏப்ரலில் 22 அளவிலும், மே மாதத்தில் 19, 20 அளவிலும், ஜூன், ஜூலையில் 17 அளவிலும் இருப்பதை வைத்துக் கணக்கிட்டால், மார்ச் முதல் வாரத்தில் நட்ட நாற்று மே மாதக் கடைசியில் முதல் பழம் தரும். அதே நாற்றை மே முதல் வாரத்தில் நட்டால் முதல் பழத்துக்குச் செப்டம்பர் முதல் வாரம் வரை காத்திருக்க வேண்டும். நடவில் இரண்டு மாதம் தள்ளிப்போனதற்கு அறுவடையில் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போகிறது என்பதை இக்கணக்கே காட்டிவிடும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம்மவர் வழக்கு. இங்கே ஆடி மாதம் குளிர்காலத்தின் நடுப்பகுதி. 1860ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் இங்கு வந்து, ஒப்பந்தம் முடிந்த பின் காய்கறித் தோட்டம் போட்டு டர்பன் நகருக்கு உணவளித்த தமிழர்களுக்கு, கோயில் பஞ்சாங்கம் பழைய மாதங்களையே சொல்ல, வானம் வேறு பருவத்தைக் காட்டியது. இந்தக் கடலோரத்தில் பிந்தி முதிரும் தக்காளிக்கு ஏற்ற பட்டம் தைப்பூசத்தை ஒட்டி வருகிறது. காவடி எடுக்கும் அந்த வாரத்தில் நாற்றங்காலில் விதையிட்டு, வெள்ளை ஈ நுழையாத மெல்லிய வலையும் நண்பகலில் நிழலும் கொடுத்து நாற்றை வளர்த்து, மாசிப் பிற்பகுதியில் நட்டால், முதல் பூ சித்திரைத் தொடக்கத்தில் விரியும். அப்போது இங்கே இரவு 17 பாகை, பகல் 26 பாகை அளவில் நிற்கும். கோடை மழை ஓய்ந்து காற்றின் ஈரமும் குறைந்திருக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் பிடிக்கும் காய்கள் வறண்ட குளிர்காலத்தில் முதிர்வதால் வெடிப்பும் அழுகலும் குறைவு. பழ ஈயின் தொல்லையும் கோடையளவுக்கு இராது.

மாறாக, நம்மவரில் பலர் செய்வதுபோல் குளிர் முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் இதே ரகத்தை நட்டால், பூப் பிடிப்பது நன்றாகவே தொடங்கும். ஆனால் பழுக்கும் வேளையில் நவம்பர், டிசம்பர் மழை வந்து சேரும். மெல்லிய தோலுடைய பெரிய பழம் ஒரே மழையில் காம்பைச் சுற்றி வெடித்துவிடும். அந்தப் பட்டத்துக்கு முந்திக் காய்க்கும் சிறு பழ ரகமே பொருந்தும்.

புரட்டாசி விரதத்தை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பெரிய அளவில் கடைப்பிடிக்கின்றன. அந்த மாதத்தில் காய்கறிக்குக் கேட்பு கூடும் என்பதால், விரதச் சந்தையைக் குறிவைத்து மே மாதத்தில் நடுவோரும் உண்டு. அவர்களுடைய எண்ணம் வியாபாரத்துக்குச் சரி, பிராண்டிவைனுக்குச் சரியன்று. மேயில் நட்ட செடி ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பூக்கும். அப்போது இரவு 11, 12 பாகைக்கு இறங்கிவிடுவதால் பூவில் பாதி வீணாகும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இரவுக் குளிரைத் தடுத்து வளர்க்க வசதியில்லாதவர்கள் அந்த மாத நடவுக்கு முந்தி முதிரும் ரகத்தையே எடுத்துக்கொள்வது நல்லது.

இலையுதிர்கால நடவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, 30 பாகை அகலக்கோட்டில் உள்ள டர்பனில், ஜூன் மாத நண்பகல் சூரியன் வடக்குத் திசையில் தாழ்ந்து நிற்கும். தலைக்கு மேல் வருவதேயில்லை. ஆகவே வடக்குப் பக்கம் சுவரோ வாழைத் தோப்போ இருக்கும் பாத்தியில், கோடையில் நல்ல வெயில் விழுந்தது என்று நம்பி நட்டால், பயிர் பாதிக் குளிர்காலத்தை நிழலில் கழிக்கும். வடக்குப் பார்த்த சரிவு இருந்தால் அதைத் தக்காளிக்கு ஒதுக்க வேண்டும். தமிழகத்திலிருந்து அண்மையில் இங்குக் குடிவந்தவர்கள் வீட்டுத் தோட்டம் போடும்போது பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடற்கரையை விட்டு உள்ளே ஏறினால் எல்லாம் தலைகீழாகிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கிலும் அதை அடுத்த லெனேசியாவிலும் குளிர்காலத்தில் உறைபனி விழுவதால், தை விதைப்பு அங்கே முற்றிலும் வீண். அங்கே ஆடிக் கடைசியில் வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் கூரையின் கீழோ நாற்று விட்டு, கடைசி உறைபனி கடந்ததும் புரட்டாசியில் நட வேண்டும். நடுக்கோடையிலும் அங்கே பகல் 26 பாகை, இரவு 14, 15 பாகை அளவில்தான் இருக்கும். பிந்தி முதிரும் பாரம்பரியத் தக்காளிக்கு இந்நாட்டில் இதைவிடப் பொருத்தமான கோடை வேறு எங்கும் இல்லை என்றே சொல்வேன். நவம்பர் முதல் மார்ச் வரை பூத்துக்கொண்டேயிருக்கும். கெடுப்பவை இரண்டு: பிற்பகல் இடிமழையோடு வரும் ஆலங்கட்டியும், தொடர்ந்து மேகமூட்டம் நிலவும் வாரங்களில் பரவும் பின்பருவ இலைக்கருகலும். ஆலங்கட்டி வலை வெயிலைச் சற்றுக் குறைத்தாலும் அதைத் தவிர்க்க வழியில்லை. கருகல் நோய்க்கு இந்த ரகங்களில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. தரையிலிருந்து ஓரடி வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீரை இலைமேல் படாமல் அடியில் விட்டு, மழைக்கு முன்னதாகவே தாமிர மருந்து தெளிப்பதுதான் காப்பு. புள்ளி தெரிந்த பின் தெளிப்பது பெரும்பாலும் மனத்திருப்திக்கு மட்டும்.

மேட்டுநிலத்தில் மேலும் ஒரு வேலை உண்டு. பெரிய பழ ரகத்தில் பூ விரிந்ததிலிருந்து பழம் சிவக்க ஏறத்தாழ 50 முதல் 60 நாள் ஆகும். மே மாதத்தில் முதல் உறைபனி வரக்கூடும் என்றால், மார்ச் நடுவுக்குப் பின் விரியும் பூக்களால் பயனில்லை. அந்த வேளையில் கொடியின் நுனியைக் கிள்ளி, புதுப் பூக்கொத்துகளையும் எடுத்துவிட்டால், செடி தன் ஆற்றலை ஏற்கெனவே பிடித்த காய்களுக்குக் கொடுக்கும். பூத்துக் குலுங்கும் கொடியை வெட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால் வெட்டாதவர் வீட்டில் மே மாதம் கூடை கூடையாகப் பச்சைக் காய் ஊறுகாய்தான் போட வேண்டியிருக்கும்.

கேப் டவுன் பக்கம் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்பதால் கருகல் தொல்லை குறைவு. தென்கிழக்குக் காற்றுக்குத் தடுப்பும், 2018ஆம் ஆண்டு வறட்சியைக் கண்ட ஊர் என்பதால் தண்ணீர்க் கணக்கும் மட்டும் போதும்.

தமிழகச் சமவெளி வாசகர்களுக்கும் இதே கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். சென்னை போன்ற கடலோரத்தில் இரவு 21 பாகைக்கு அருகில் இறங்குவது டிசம்பரிலும் ஜனவரியிலும் மட்டுமே. கோயம்புத்தூர், தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் அந்தக் காலம் சற்று நீளும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவில் உள்ள ஓசூரில் இன்னும் நீளும். பிந்தி முதிரும் ரகம் நட்டு ஐந்து, ஆறு வாரம் கழித்துப் பூக்கும் என்று கொண்டால், ஆடியில் விதைத்த செடி ஐப்பசிக்கு முன்பே, இரவு இன்னும் வெக்கையாக இருக்கும்போதே பூத்து உதிர்த்துவிடும். ஆவணிக் கடைசியில் விதைத்து ஐப்பசித் தொடக்கத்தில் நட்டால் கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் பூவுக்குக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை இடையில் வரும் என்பதால் மேட்டுப்பாத்தியும், முடிந்தால் மேலே மழைக்கூரையும் தேவைப்படும். வடிகால் இல்லாத நிலத்தில் இந்த முயற்சியே வேண்டாம். உதகையில் நிலை நேர்மாறானது. அங்கே மார்கழி, தை இரவுகள் பூவுக்கு மிகவும் குளிர்ந்தவை.

பூக்கும் காலத்தைச் சரியாக அமைத்துக்கொண்ட பிறகு, அந்தக் காலத்துக்குள் எத்தனைக் காயைப் பிடிக்க வைக்கலாம் என்பது கொடியைப் பழக்குவதைப் பொறுத்தது. இந்த ரகங்கள் யாவும் நிறுத்தாமல் நீண்டுகொண்டே போகும் கொடி வகை. ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் கிளம்பும் பக்கத் தளிரை விட்டுவிட்டால் புதராகி, உள்ளே காற்றும் வெயிலும் புகாமல் நோய்க்கு இடமாகும். மூங்கில் கம்பிலோ மேலிருந்து தொங்கவிட்ட கயிற்றிலோ ஒற்றைத் தண்டாகவோ, முதல் பூக்கொத்துக்கு அடியில் வரும் ஒரு தளிரை மட்டும் சேர்த்து இரட்டைத் தண்டாகவோ ஏற்றலாம். ஈரம் மிகுந்த கடற்கரையில் ஒற்றைத் தண்டும், உலர்ந்த மேட்டுநிலத்தில் இரட்டைத் தண்டும் என் தெரிவு. ஏழு வார காலத்தில் ஒரு தண்டு ஏறத்தாழ ஆறு குலை விடும். குலைக்கு மூன்று காய் நிறுத்தி, காய் ஒன்று 300 கிராம் என்று வைத்தால் ஒற்றைத் தண்டில் 5 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். குலையில் ஏழெட்டுக் காய் தொங்குவது பார்க்க அழகு. ஆனால் அவற்றில் முன்னால் பிடித்தவை பெருக்க, பின்னால் பிடித்தவை கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும், அடுத்த குலையும் பூவோடு உதிரும். ஆகவே பிஞ்சிலேயே எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும். முதல் குலையில் இரண்டு மூன்று பூக்கள் ஒட்டிச் சேர்ந்தாற்போல் அகலமாக ஒரு பூ வருமானால் அதைக் கிள்ளி எறிவதும் நல்லது. அது காயானால் வடுவும் மடிப்புமாகவே வரும், மற்றக் காய்களின் பங்கையும் தின்றுவிடும்.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தைக் குழாய் போன்ற உறைக்குள் வைத்திருக்கிறது. அதிர்வு பட்டால்தான் உதிர்க்கும். ஐரோப்பாவில் கூடாரத் தோட்டங்களுக்குப் பம்பிள் தேனீயை வாங்கி விடுகிறார்கள். சகாராவுக்குத் தெற்கே அந்த இனம் இயற்கையில் இல்லை. சாதாரணத் தேனீ அதிர்வு கொடுப்பதில்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது மரக்கட்டையைத் துளைத்துக் கூடு கட்டும், கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சுத் தேனீ. வேலிக் கம்பங்களிலும் பட்ட மரங்களிலும் அது குடைந்த துளைகளைக் கண்டவுடன் அடைத்துவிடும் வழக்கத்தை விட்டுவிட்டால், காய்ப்பில் வேறுபாடு தெரியும். வண்டு வராத இடத்தில், காலைப் பனி காய்ந்த பிறகு பத்து மணிக்கு மேல் கயிற்றையோ குலையின் காம்பையோ விரலால் சுண்டிவிடலாம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் அதிகாலையில் மகரந்தம் ஒட்டிக் கட்டியாகிவிடுவதால், அப்போது சுண்டுவதில் பயன் இல்லை.

இனி, தழைச்சத்துக்கு வருகிறேன். வீரியம் மிகுந்த கொடி ரகத்துக்கு, பூப் பிடிக்கும் முன்னரே யூரியாவைக் கூட்டிக் கொடுத்தால், கரும்பச்சை இலையும் பெருந்தண்டுமாக வளர்ந்து பூப்பது தள்ளிப்போகும். ஏற்கெனவே பிந்தும் ரகத்தை மேலும் பிந்த வைப்பது பூக்காலத்தைத் தவறவிடுவதற்குச் சமம். இங்கே பிராய்லர் பண்ணைக் கோழி எரு மலிவாகக் கிடைப்பதால் அதை அள்ளிக் கொட்டுகிறவர்கள் இதே விளைவைக் காண்கிறார்கள். முதல் இரண்டு குலை காய் பிடித்து நெல்லிக்காய் அளவு வரும் வரை அடியுரமாக இட்ட மட்கிய தொழு உரமே போதும். அதன் பிறகு செடி மிகுதியாகக் கேட்பது சாம்பல் சத்தை (பொட்டாசியம்). அதைச் சிறுகச் சிறுக, அறுவடை முடியும் வரை கொடுக்க வேண்டும். இந்தக் கடலோரத்துச் செம்மணலும் உள்நாட்டுச் சரிவுகளின் மண்ணும் பெரும்பாலும் புளிப்பானவை. மண்ணைச் சோதித்துக் கார அமில நிலை 6க்கும் 6.5க்கும் இடையில் வரும்படி, நடவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே டாலமைட் சுண்ணாம்பு இடுவது, பின்னால் போடும் எந்த உரத்தையும்விடப் பயன் தரும்.

காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதைப் பார்த்துச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று இலைமேல் தெளிப்பவர்கள் பலர். சத்து மண்ணில் இருந்தும், ஒருநாள் காய்ந்தும் மறுநாள் நனைந்தும் கிடக்கும் வேர் அதைக் காய்க்கு அனுப்ப முடியாமல் போவதுதான் பெரும்பாலான தோட்டங்களில் நடப்பது. வெருலம், டொங்காட் பகுதிகளில் கரும்புச் சோகைக்குக் குறைவில்லை. அதை ஒரு சாண் உயரம் மூடாக்காகப் பரப்பி, சொட்டுநீரைத் தினமும் அளவாக விட்டாலே அடியழுகலும் வெடிப்பும் பெரிதும் குறைந்துவிடும். சோகையைத் தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் இந்த ரகங்களை அடியோடு அழிக்கும். முதல்நாள் பச்சையாக நின்ற செடி மறுநாள் உச்சியிலிருந்து துவளும். தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் வெட்டு வாயிலிருந்து பால்போல் இழை இறங்கும். அந்த மண்ணில் மருந்து பயன்படாது. ஒட்டுக் கட்டுவதே வழி. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்கென ஈஜி 203 போன்ற கத்தரி ரகங்களை வேர்ச்செடியாகப் பரிந்துரைத்திருக்கிறது. அவை நீர் தேங்குவதையும் ஓரளவு தாங்கும். தமிழகத்தில் கத்தரியைச் சுண்டைச் செடிமேல் ஒட்டுவது புதிதன்று என்பதால் அங்குள்ள விவசாயிகளுக்கு இந்த வேலை கைவந்ததே. ஆனால் நோய் இல்லாத மண்ணில் கத்தரி வேர்மேல் தக்காளியை ஏற்றினால் விளைச்சல் கூடுவதற்குப் பதில் குறைவதும் உண்டு. எனவே ஒட்டு எல்லோருக்கும் உரிய மந்திரம் அன்று. நூற்புழுத் தொல்லை மட்டும் உள்ள இடத்தில், அதற்கென உருவாக்கிய தக்காளி வேர்ச்செடியே போதும்.

செடி நெடுநாள் நிலத்தில் நிற்பதால் வரும் இன்னொரு கேடு ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய இது இந்தியாவில் 2014ஆம் ஆண்டிலும், இந்நாட்டில் 2016ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டது. வெப்பநாளில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். 60 நாளில் அறுவடையாகும் பயிரில் அது இரண்டு தலைமுறை பெருகினால், ஐந்து மாதம் நிற்கும் பயிரில் எத்தனை பெருகும் என்று பாருங்கள். இனக்கவர்ச்சிப் பொறியை நடவு நாளிலேயே வைத்து, இலையில் வெண்சுரங்கம் தெரிந்தவுடன் அந்த இலையைக் கிள்ளி, குப்பைக்குழியில் போடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். குளிர்காலத்தில் தலைமுறை நீளுவதால், தைப் பட்டத்துக்கு இதிலும் ஒரு நன்மை உண்டு.

காயை எப்போது பறிப்பது என்பதிலும் விளைச்சல் கைவிட்டுப் போகிறது. கொடியிலேயே முழுதும் சிவக்க விட்டால்தான் சுவை என்ற நம்பிக்கையால், பாதிப் பழத்தைப் பறவைக்கும் ஈக்கும் மழைக்கும் கொடுக்கிறோம். அடிப்பக்கம் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கிய செங்காயாகப் பறித்து, 20 பாகை அளவுள்ள நிழலான அறையில் வைத்தால் சுவையில் குறை தெரியாமல் பழுக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டுப் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும் என்பதால், வெயில் நாளில் முன்னதாகவே பறிப்பது நிறத்துக்கும் நல்லது. டர்பன் வாரிக் பகுதிச் சந்தையில் வாங்குவோர், காம்பைச் சுற்றிப் பச்சை நிற்கும் பழத்தைப் பழுக்காதது என்று ஒதுக்குகிறார்கள். அந்தப் பச்சைத் தோள்தான் பழைய ரகங்களின் இனிப்புக்கு ஒரு காரணம். ஒரே சீராகச் சிவக்கும்படி ரகங்களைத் தேர்ந்தெடுத்தபோது, காயில் சர்க்கரை சேரத் துணைசெய்யும் ஒரு மரபணு செயலிழந்தது என்பதை 2012ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் விளக்கிவிட்டார்கள்.

கட்டுரையின் கடைசியில், விதையை ஆண்டுதோறும் எடுத்து விதைத்தால் சில ஆண்டுகளில் ரகம் நம் மண்ணுக்குப் பழகிவிடும் என்று இருந்தது. பலரும் சொல்வதுதான். எனினும் தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். பல தலைமுறையாகத் தூய்மையாக வந்த ரகத்தில் செடிக்குச் செடி வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? நோயற்ற செடியிலிருந்து விதை எடுப்பது நல்ல பழக்கம். அதற்கு மேல் எதிர்பார்க்கிறவர்கள் ஒரு பாரம்பரிய ரகத்தை, உள்ளூரில் நிலைத்து நிற்கும் ரகத்தோடு கையால் கலந்து, பின்வரும் தலைமுறைகளில் பொறுமையாகத் தெரிவு செய்ய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வாடல் நோயைத் தாங்கும்படி உருவாக்கப்பட்ட ரோடேட் அதற்குத் தகுந்த துணை. வீரிய ஒட்டு ரகம் அன்று என்பதால் விதையும் நிலையானது. மொட்டு விரியும் முன் மகரந்தப் பைகளைக் கிள்ளியெடுத்து, மறுநாள் மற்ற ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவது, பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. முதல் தலைமுறையில் எல்லாச் செடியும் ஒன்றுபோல் வரும். இரண்டாம் தலைமுறையில் இடமிருக்கும் அளவுக்குச் செடிகளை நட்டு, வாடாமல் நின்று, பழமும் வாய்க்குப் பிடித்த செடியை மட்டும் நிறுத்த வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண் பக்கத்தில் ஒரு ரகத்தை அறிமுகப்படுத்தும்போது, இத்தனை நாள் பயிர் என்று மட்டும் அச்சிடாமல், அது பூக்கும் வாரங்களில் இரவு வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும், தமிழகத்தின் கடலோரம், உள்மாவட்டம், மலைப்பகுதி ஆகிய ஒவ்வொன்றிலும் அந்த வாரங்கள் எந்த மாதத்தில் வருகின்றன என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்களும் அதைத் தங்கள் ஊருக்குத் திருப்பிப் போட்டுக்கொள்வோம். தழைச்சத்தைப் பற்றிய பரிந்துரைக்கு மட்டும், தை விதைப்பு தொடங்கும் முன் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வெருலம், குவாசுலு நட்டால்,
தென்னாப்பிரிக்கா